மூன்று பைசாவும் ஓர் இடுக்கியும்: கதைமாந்தரைப் பற்றி எழுதப் பிள்ளைகளைப் பழக்குவோம்

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கதையைக் கொடுத்து, "இதில் வருபவரின் குணத்தைப் பற்றி எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றை வரிதான் வரும்: "அவன் நல்லவன், பாசமானவன்." எப்படித் தெரியும் என்று கேட்டால், "படிச்சா தெரியுதே ஹஸ்ரத்" என்பார்கள். தெரிகிறதுதான். எந்த இடத்திலிருந்து தெரிகிறது என்று தேடி எழுத வைப்பதுதான் பாடம்.

"இவன் கஞ்சன்" என்று கதாசிரியரே சொல்லிவிட்டால் அது நேரடிச் சித்திரிப்பு. அப்படிச் சொல்லாமல் அவனுடைய செயலையும் பேச்சையும் எண்ணத்தையும், மற்றவர்கள் அவனிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் காட்டி நம்மையே முடிவுக்கு வரவைத்தால் மறைமுகச் சித்திரிப்பு.

இதைச் சொல்லிக் கொடுக்க, உருதுவிலும் இந்தியிலும் எழுதிய பிரேம்சந்தின் (1880-1936) 'ஈத்கா' கதையைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. தாய் தந்தையை இழந்த சிறுவன் ஹாமித். வயது நான்கைந்துதான். பாட்டி அமீனாவிடம் வளர்கிறான். பெருநாள் தொழுகைக்குப் போகும் அவன் கையில் இருப்பது 3 பைசா. கூட்டாளிகள் பொம்மையும் மிட்டாயும் வாங்குகிறார்கள். இவனோ ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுவதை நினைத்து ஓர் இடுக்கி வாங்குகிறான்.

"ஹாமித் தியாகி" என்று பிள்ளை எழுதி நிறுத்தினால் விட்டுவிடாதீர்கள். அந்தப் பொம்மைகளைப் பார்த்து அவன் ஏங்கவில்லையா என்று கேளுங்கள். ஏங்கினான், தொட்டுப் பார்க்கத் துடித்தான். கதையில் இருக்கிறது. ஆசையே இல்லாதவன் விட்டுக்கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது? இடுக்கிக் கடையில் 5 பைசா என்றதும் 3 பைசாவுக்குத் தருவீர்களா என்று துணிந்து கேட்கிறான். திட்டு விழுமோ என்று உடனே நகர்ந்தும் விடுகிறான். துணிவும் பயமும் ஒரே இடத்தில்! பிறகு பொம்மை வாங்கியவர்களிடம் இடுக்கிதான் உசத்தி என்று வாதாடி ஜெயிக்கிறான். இது பெருமையா, சமாளிப்பா? பிள்ளைகளிடமே விடுங்கள். இரண்டு பதிலுக்கும் கதையில் இடம் உண்டு. ஆதாரம் காட்டுகிறார்களா என்பது மட்டுமே நம் கேள்வி.

ஆதாரம் என்றால் என்ன என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. யூசுஃப் (அலை) அவர்கள் மீது பழி சுமத்தப்பட்டபோது, சட்டை முன்னால் கிழிந்திருக்கிறதா, பின்னால் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர். பின்னால் கிழிந்திருந்தது. உண்மை வெளிப்பட்டது (அல்குர்ஆன் 12:26-28). அது அல்லாஹ் அறிவித்த மெய்யான வரலாறு. கற்பனைக் கதையோடு அதை நான் ஒப்பிடவில்லை. கண்ணில் படும் தடயத்திலிருந்து முடிவுக்குப் போகும் முறையை மட்டுமே சொல்கிறேன். ஆதாரமில்லாமல் ஒருவரை எடைபோடுவது நமக்கு விலக்கப்பட்டது. கதைமாந்தரிடம் அதைப் பழகிக்கொள்வது எளிது. அவர்கள் மனம் புண்படாது!

எழுதும்போது மூன்று படிகள் போதும். குணத்தைச் சொல்ல வேண்டும், அதைக் காட்டும் நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும், அந்த நிகழ்ச்சி எப்படி அந்தக் குணத்தைக் காட்டுகிறது என்று விளக்க வேண்டும். பிள்ளைகள் தவறவிடுவது மூன்றாவதைத்தான். "ஹாமித் பாட்டியைக் கவனித்து வளர்ந்தவன். அவன் இடுக்கி வாங்கினான்" என்பது பாதி. "பாட்டி கேட்கவே இல்லை. ஆனாலும் அவளுடைய விரல் சுடுவது கடைவீதியில் அவன் நினைவுக்கு வருகிறது என்றால், வீட்டில் தினமும் அதைப் பார்த்து மனத்தில் வைத்திருக்கிறான்" என்று சேர்த்தால்தான் முழுமை.

பிறகு அமீனாவுக்குப் போகலாம். இடுக்கியைக் கண்டதும் முதலில் அவள் திட்டுகிறாள், காரணம் கேட்டதும் அழுகிறாள். அந்தத் திட்டு கோபமா, பிள்ளை பட்டினியாக வந்திருக்கிறானே என்ற பதைப்பா? இதற்கு ஒரு பத்தி எழுதச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.