நீங்கள் ஒட்டாத லேபிள் உங்கள் கணக்கைக் கெடுக்கலாம்!

எக்ஸெல் ஷீட்டின் இடது ஓரத்தில் 1, 2, 3 என்று வரிசை எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் வரிசையை டெலீட் செய்தால், இரண்டாவது வரிசை மேலே ஏறி 1 என்ற எண்ணைப் பெற்றுக் கொள்ளும். அதாவது, அந்த எண் இடத்தைத்தான் குறிக்கிறது. அங்கிருக்கும் தகவலை அல்ல. எல்லா சாஃப்ட்வேர்களும் இப்படி இல்லை. அதை மறந்து நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டு கரண்ட் பில் திடீரென்று எகிறியது. காரணம் கண்டுபிடிக்க, தினமும் காலையில் மீட்டர் ரீடிங்கைக் குறித்து வைத்தேன். ஐந்து நாள் ரீடிங் இதுதான்: 1210, 1218, 1225, 1236, 1242. இதை பைத்தான் மொழிக்கான பாண்டாஸ் லைப்ரரியில் ஏற்றினேன். முதல் எண்ணை நீக்கி ஒரு பட்டியல், கடைசி எண்ணை நீக்கி ஒரு பட்டியல். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 8, 7, 11, 6 என்று தினசரி செலவு வர வேண்டும். வந்ததோ மூன்று பூஜ்யங்கள்! இரண்டு முனைகளிலும் விடையே இல்லை. எர்ரர் மெசேஜும் இல்லை. ஸ்கிரீனை எட்டிப் பார்த்த அப்பா, "என்னப்பா, நாலு நாளா வீட்ல கரண்ட்டே செலவாகலையா?" என்றார்.

என்ன நடந்தது?

நான் தேதி எதுவும் கொடுக்கவில்லை. எனவே பாண்டாஸ் தானாகவே 0 முதல் 4 வரை லேபிள் ஒட்டிவிட்டது. இதுதான் டீஃபால்ட் லேபிள். எக்ஸெல் வரிசை எண் போலத் தெரிந்தாலும், இது தகவலோடு ஒட்டிக்கொண்டே போகும். முதல் பட்டியலில் மிஞ்சியவை 1, 2, 3, 4. அடுத்ததில் 0, 1, 2, 3. கழிக்கும்போது பாண்டாஸ் ஒரே லேபிள் உள்ளவற்றைத்தான் ஜோடி சேர்க்கும். ஆகவே 1218-லிருந்து அதே 1218 கழிக்கப்பட்டது! 0, 4 இரண்டுக்கும் ஜோடி இல்லை.

எக்ஸ்அரே செய்த மாற்றம்

வானிலைத் தகவல்களில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று பல பரிமாணங்கள் உண்டு. அவற்றைக் கையாள உதவும் பைத்தான் லைப்ரரிதான் எக்ஸ்அரே. 2014-ல் எக்ஸ்ரே என்ற பெயரில் வெளிவந்து, 2016-ல் பெயர் மாறியது. ஆரம்பத்தில் இதுவும் லேபிள் இல்லாத பரிமாணங்களுக்கு 0, 1, 2 என்று தானே ஒட்டியது. சாட்டிலைட் படத்தின் வெவ்வேறு இடங்களில் வெட்டிய இரண்டு துண்டுகளைக் கழித்தால், பொதுவான எண்கள் உள்ள பகுதி மட்டுமே மிஞ்சும்.

2017 ஜனவரியில் வந்த 0.9 பதிப்பில் இந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. நீங்கள் கொடுத்தால்தான் லேபிள். இல்லையென்றால் இடத்தை வைத்தே கணக்கு நடக்கும். இரண்டு பக்கமும் அளவு பொருந்தாவிட்டால் எர்ரர் வரும். தவறான விடை சத்தமில்லாமல் வருவதைவிட, எர்ரர் வருவது எவ்வளவோ மேல்!

நீங்கள் செய்ய வேண்டியது

* தேதி, ஊர் போன்ற உண்மையான லேபிள் இருந்தால் அதையே கொடுங்கள். இரண்டு பட்டியல்களில் ஒன்றில் ஒரு நாள் விட்டுப்போனாலும், தேதி பார்த்துச் சரியாக ஜோடி சேரும். டீஃபால்ட் எண்ணாக இருந்தால், விட்டுப்போன நாளுக்குப் பிறகு எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும்.
* பாண்டாஸில் முந்தைய மதிப்பைக் கழிக்க, பட்டியலை வெட்டாமல் டிஃப் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்.
* இடத்தை வைத்துத்தான் கணக்கு என்றால், லேபிளே இல்லாத நம்பை அரேயாக மாற்றிக் கொள்ளுங்கள்.
* நான்கைந்து எண்களை மட்டும் எடுத்து, கையால் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்குறிப்பு: கணக்கைச் சரிசெய்த பிறகு, 11 யூனிட் செலவான மூன்றாம் நாளில் வாட்டர் ஹீட்டரை அணைக்க மறந்தது யார் என்பதும் தெரிந்தது. நான்தான்!