விரல் மூட்டும் ஆறு வாரப் பயிற்சியும்

ஷூ அப்பர் தைத்தே குடும்பத்தைக் காப்பாற்றிய தம் தாயாரின் விரல்கள், முடக்குவாதத்தால் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோனதை விவரித்து, முழங்காலுக்குச் செய்வதுபோல விரலுக்கும் செயற்கை மூட்டு உண்டா என்று திருப்பத்தூர் அன்பர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார்.

உண்டு. அமெரிக்க வைத்தியர் ஆல்ஃபிரட் ஸ்வான்சன் 1960-களில் உருவாக்கிய சிலிக்கோன் மூட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது. அரித்துப்போன எலும்பு முனையை வெட்டி நீக்கி, இருபுறத்து எலும்புகளின் உட்குழலிலும் செயற்கை மூட்டின் காம்புகளைச் செருகுகிறார்கள்; சிமெண்டு வைத்து ஒட்டுவதில்லை என்பதே இதன் விசேஷம். விரல் மடங்கி நிமிரும்போதெல்லாம் காம்புகள் குழலுக்குள் சற்றே வழுக்கி அசைய, அந்நியப் பொருளைக் கண்ட சரீரம் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறையை உண்டாக்கிக்கொள்கிறது. மூட்டுக்கு உறுதி தருவது அந்த உறையே. ஆண்டுகள் பல சென்று சிலிக்கோன் முறிந்த பின்னரும் சிலர் வலியின்றி விரலை மடக்குவது அதனால்தான். இளமையில் ஆம்பூரில் பார்த்திருக்கிறேன்: ஈரத்தோடு அச்சுக் கட்டைமேல் இழுத்தறைந்த தோல், இழுத்த இழுப்புக்கேற்ற வடிவிலேயே காய்ந்து நிலைத்துவிடும். உறையும் அத்தகையதே. முதல் ஆறு வாரங்கள், விரல்களை நேராக இழுத்துப் பிடிக்கும் சிம்பை அணிந்து, சொன்னபடி மடக்கி நீட்டினால் நன்றாக அமையும். சோம்பியிருந்தால் விரல் விறைத்துவிடும்.

அறுவைக்குப் பின் பயிற்சி வேண்டும் என்பது வேலூருக்குப் புதிய பாடமன்று. 1946-ல் அங்கு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டரோகத்தால் மடங்கிய விரல்களை, செயலுள்ள தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தியதோடு நில்லாமல், அறுவைக்குப் பின்வரும் பயிற்சிக்கும், 1951-ல் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் அந்தக் கைகளுக்கு மரவேலை பழக்குவதற்கும் அத்தனை அக்கறை காட்டினார்.

கையை நம்பிப் பிழைக்கும் நம் பிரதேசத்திலோ, காலையில் விரல்கள் விறைத்து வீங்கும் காலத்தைத் தைலத்திலும் கடை மாத்திரையிலும் கழித்துவிட்டு, விரல் கோணிய பிறகே ஆஸ்பத்திரிப் படியேறுகிறோம். தையல் பிரித்ததும் பயிற்சியைக் கைவிடுகிறோம். ஆரம்பத்திலேயே மூட்டுவாத நிபுணரைக் கண்டு மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் அநேகருக்கு அறுவையே வேண்டியிராது.

அன்பரின் தாயாருக்கு அறுவை அவசியமென்று வைத்தியர் தீர்மானித்தால், வலி தணியும், சாய்வு குறையும், பிடியின் பழைய பலம் முழுதும் திரும்பாது என்பதை அறிந்தே சம்மதிக்கட்டும். செலவுக்குப் பணம் சேர்க்கும்போதே, அந்த ஆறு வாரமும் அடுப்படியிலும் துணி துவைக்கும் கல்லிலும் அவருக்குப் பதிலாக யார் நிற்பது, பயிற்சிக்கு யார் அழைத்துப் போவது என்பதையும் வீட்டார் முடிவு செய்துகொள்ள வேண்டும்.