திராக்ஷைத் தோட்டங்களினூடே மாரத்தான் ஓட்டம்

பிரெஞ்சு தேசத்தில் ஜிரோந்து ஆற்றின் முகத்துவாரக் கரையிலுள்ள போயாக் என்னும் சிற்றூரில் 1985-ம் வருஷம் முதல் மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டம் நடந்து வருகிறது. தூரம் 42.195 கிலோமீட்டர், அதாவது 26 மைலுக்குச் சற்று அதிகம். பாதை பெரும்பாலும் சமதரையாய், திராக்ஷைத் தோட்டங்களினூடே செல்லும்.

மிராசுதார்கள் கவனிக்கத்தக்கது அதன் காலமே. ஓட்டம் செப்டம்பர் மாதத்தில். அப்போது பழம் முற்றிக் கொடியிலேயே தொங்கும். அறுவடைக்குச் சொற்ப நாட்களே இருக்கும். அச்சமயம் அந்நியரைத் தோட்டத்துள் விட எவர்தாம் துணிவர்? ஆயினும் தோட்டக்காரர் வழிவிடுகின்றனர். ஓடுவோர் தொகை சுமார் 8,500 என்று வரையறுக்கப்பட்டுள்ளது. பெருநகர ஓட்டங்களை நோக்க இது சிறிதே. ஆறரை மணி நேரத்துள் ஓடி முடித்தாக வேண்டும். வழியில் தத்தம் தோட்டத்து மதுவையே வார்த்துக் கொடுக்கின்றனர். ஓடுபவர் தேகத்துக்கு அது உகந்ததென்று யாம் கூறோம். விளைபொருளுக்கோ இதனினும் சிறந்த விளம்பரம் அரிது.

நம் ஆற்றங்கரைக் கிராமங்களில் இதனை நடத்த விரும்புவோர் அறுவடை தீர்ந்தபின் நாள் குறித்து, வரப்புகளை விலக்கி, வண்டிப்பாதையிலேயே ஓடவிடுதல் நலம்.