நோட்டீஸ் வேறு, வாரண்ட் வேறு

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வாசலில் நின்று ஒரு தாளை நீட்டினால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் எங்கள் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு தாள் வந்தது. வரப்புத் தகராறு, கைகலப்பு வரை போய்விட்டது. சித்தி ஒப்பாரியே வைத்துவிட்டாள். சித்தப்பாவோ, "பிடிவாரண்டு வந்திடுச்சுடா, ராத்திரி பஸ்ஸுல திருப்பூர் போயிடறேன்" என்று பையில் துணியைத் திணித்துக் கொண்டிருந்தார். "நீதானே படிக்கிற, என்னன்னு பாரு" என்று அம்மா தாளை என்னிடம் கொடுத்தாள். எனக்குத் தெரிந்தது லேத்தும் மில்லிங்கும்தான். தமிழில்தான் எழுதியிருந்தது, ஆனால் இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. பக்கத்துத் தெரு வக்கீல் குமாஸ்தாவிடம் ஓடினேன். பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "இது நோட்டீஸ் தம்பி. ஓடினாத்தான் பிடிப்பாங்க."

அதன் பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். பீகாரில் அர்னேஷ் குமார் என்பவர்மீது வரதட்சணைப் புகார். அவர் கேட்ட முன்ஜாமீனை செஷன்ஸ் கோர்ட்டும் பாட்னா உயர் நீதிமன்றமும் மறுத்துவிட, உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தார். 2014 ஜூலை 2-ல் தீர்ப்பு வந்தது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது செய்ய அதிகாரம் இருக்கிறது என்பதற்காக மட்டும் கைது செய்யக்கூடாது. சாட்சியை மிரட்டுவாரா, தடயத்தை அழிப்பாரா, மறுபடி குற்றம் செய்வாரா என்று பார்த்து, காரணத்தை எழுத வேண்டும். தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும். மாஜிஸ்திரேட்டும் கண்ணை மூடிக்கொண்டு காவலில் வைக்க உத்தரவிடக் கூடாது. மீறுகிற அதிகாரிமீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும் வரும். (பெண்களின் புகார் இதனால் நீர்த்துப் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. புகாரைப் பதிவு செய்வதையோ, வழக்கு நடப்பதையோ இந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை என்பதே என் பதில்.)

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. இப்போது இந்த நோட்டீஸ் 35-வது பிரிவில் இருக்கிறது. சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைத்தால் கைது கூடாது. செய்தே ஆக வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். போகாமல் இருந்தால்? கைது செய்யும் அதிகாரம் வந்துவிடும். திருப்பூர் பஸ் ஏறியிருந்தால் சித்தப்பா தன் கையாலேயே அந்தப் பாதுகாப்பைக் கிழித்துப் போட்டிருப்பார்!

இன்னொன்று. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது, நேரடியாகச் சட்டம் சொல்கிற முறையில்தான் தரவேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, கைதே செய்துவிட்டால்? "எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே அதைத் தருகிறது. ஆனால் வாயால் சொன்னோம் என்று சொல்லிவிட்டால் யார் நிரூபிப்பது? மும்பை கார் விபத்து வழக்கு ஒன்றில் 2025 நவம்பர் 6-ல் வந்த தீர்ப்பு இதற்கு வழி செய்தது. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுதித் தரவேண்டும், அதுவும் கைதானவருக்குப் புரிகிற மொழியில். அந்த நேரத்தில் எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தரவேண்டும். தராவிட்டால் அந்தக் கைதே சட்டவிரோதம். 'புரிகிற மொழி' என்ற வார்த்தையைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. தமிழ் எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்ன?

சித்தப்பா குறித்த தேதியில் அப்பாவோடு போனார். வாக்குமூலம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தத் தாள் ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்து, விளக்கிச் சொல்ல ஆள் இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.