சிறுத்தைத் தலையும் தோல் விரிப்பும்

வளையலைத் திருப்பிப் பார்த்து, "ஹால்மார்க் இருக்கா?" என்று கேட்காமல் இன்று யாரும் நகை வாங்குவதில்லை. அந்த 'ஹால்' லண்டனில், ஃபாஸ்டர் லேன் தெருவில் இருக்கிறது. பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபம் அது.

சிறுத்தைத் தலை முத்திரை இல்லாத வெள்ளிப் பாத்திரம் பட்டறையைத் தாண்டக் கூடாது என்று 1300-இல் சட்டம் போட்டார் மன்னர் முதலாம் எட்வர்டு. சங்கத்தின் காவலர்கள் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கிச் சோதித்தார்கள். 1327-இல் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. 1478 முதல், செய்த பொருளை மண்டபத்துக்கே எடுத்துவர வேண்டும் என்றாயிற்று.

சோதனையும் லேசானதல்ல. பொருளிலிருந்து சுரண்டிய வெள்ளியை எடை போட்டு, ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் உருக்குவார்கள். ஈயமும் செம்பும் கிண்ணத்துக்குள் ஊறிவிடும். மிஞ்சுவது ஒரு மணி அளவு சுத்த வெள்ளி. மறுபடி எடை போட்டால் கலப்பு தெரிந்துவிடும். ஆயிரத்துக்கு 925 தேறாவிட்டால் பொருள் நொறுக்கப்படும்.

இவ்வளவு கெடுபிடி செய்த சங்கத்தை நம்பித்தான், நொடித்துப்போன கொல்லர்களுக்கு உதவச் சொல்லி நிலத்தையும் வீட்டையும் எழுதி வைத்தார்கள் உறுப்பினர்கள். கறாராக இருந்ததால்தான் அந்த நம்பிக்கை வந்தது என்பேன். லண்டன் வளர வளர அந்தச் சொத்தும் வளர்ந்தது. 1891-இல் நியூ கிராஸில் உழைக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கியது சங்கம். 1904-இல் அதை லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அப்படியே தூக்கிக் கொடுத்தது. ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் படித்த கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி அதுதான்.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது 2007-இல் சங்கம் தொடங்கிய கோல்ட்ஸ்மித்ஸ் சென்டர் என்ற அறக்கட்டளை. கிளார்க்கன்வெல்லில் பழைய விக்டோரியா காலப் பள்ளிக்கூடம் ஒன்றைப் புதுப்பித்து, 2012-இல் கதவைத் திறந்தார்கள். தொழில் பழக வரும் இளைஞர்களுக்குப் பயிற்சி, தனியாகத் தொழில் தொடங்குவோருக்குப் பட்டறை இடம் என்று அங்கே கைத்தொழிலுக்கே எல்லாம். லண்டனின் வாடகையில் வேறெங்கே போய்ப் பட்டறை போடுவது?

பொற்கொல்லரின் மேசையில் அரைவட்டமாக ஓர் இடம் வெட்டியிருக்கும். அதன் கீழே மடிபோலத் தொங்கும் தோல் விரிப்பு. அராவும்போது உதிரும் பொன்துகள் ஒன்றுகூட வீணாகாமல் அதில் விழும். மாலையில் கூட்டி எடுத்து உருக்குவார்கள். பொடியைச் சேர்த்துவைக்கும் நம்மூர்ப் பத்தர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செய்து முடித்த கிண்ணம் சோதனைக்குப் போகும். லண்டன் சோதனைச்சாலை அதன்மேல் குத்துவது இன்றும் அதே சிறுத்தைத் தலையைத்தான்.