சீர்காழியில் ரூம் கிடைக்குமா?

சீர்காழி பஸ் ஸ்டாண்டில் இறங்கி லாட்ஜ் வாசலில் பையை வைக்கிறவரிடம், மேஜைக்குப் பின்னால் இருப்பவர் “ஏசியா, நான் ஏசியா?” என்று கேட்பார். வந்தவருக்கு அது இரண்டாம் பட்சம். “விடியக்காலம் நாலு மணிக்குச் சுடுதண்ணி வருமா?” என்பதுதான் அவர் கவலை. பெரியவர்கள் கூட வந்திருந்தால், “பாத்ரூம் வெஸ்டர்னா, இந்தியனா?” என்பதும் சேர்ந்துகொள்ளும்.

ஊரின் ஜாதகம் அப்படி. இங்கே அறை எடுப்பவர்களில் பலர் தூங்க வருவதில்லை. குளித்து, துணி மாற்றி, பையைப் பூட்டி வைத்துவிட்டுக் கோயில் கோயிலாக ஓடத்தான் வருகிறார்கள். மயிலாடுதுறை சாலையில் கொஞ்ச தூரம் போனால் செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில். பூம்புகார் பக்கம் திரும்பினால் புதனுக்குத் திருவெண்காடு, அதற்கப்பால் கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம். நடுவே திருநாங்கூர் வட்டாரத்தில் மட்டும் பதினோரு திவ்ய தேசங்கள். கொள்ளிடம் பாலம் தாண்டினால் சிதம்பரம். நடுப்பகலில் நடை சாத்திவிட்டுச் சாயங்காலம் நான்கு மணி வாக்கில்தான் பெரும்பாலான கோயில்களில் திறப்பார்கள். அந்த இடைவெளியில் வெயிலுக்கு ஒதுங்க ஒரு மின்விசிறியும் கட்டிலும் வேண்டும். அதற்குத்தான் வாடகை.

சாவி கைக்கு வருமுன் ரிஜிஸ்டரை நீட்டுவார்கள். பெயர், வயது, எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார், வந்த காரணம். இந்தக் கடைசிக் கட்டத்தில் பக்கம் பக்கமாக ‘சாமி தரிசனம்’தான் இருக்கும். நாடி ஜோதிடம் பார்க்க வந்தவரும் அதையே எழுதுவார். வைத்தீஸ்வரன்கோயிலில் ஓலை தேடி வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். அப்படி ஒருவர் தங்கினால், விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவம் மூலம் அரசுக்குத் தகவல் தர வேண்டும். பாஸ்போர்ட்டை நகல் எடுக்கிறார்களே என்று விருந்தினர் முகம் சுளித்துப் பயனில்லை.

2023-ல் ரிஜிஸ்டரின் அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுத வேறு காரணங்களும் கிடைத்தன. சட்டைநாதர் கோயிலில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு, மே 24-ந் தேதி குடமுழுக்கு. அதற்கு முந்தைய மாதம் யாகசாலைக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளியே வந்தன. திருஞானசம்பந்தர் பிறந்த ஊரின் மண்ணுக்குள்ளேயே தேவாரம் இருந்தது என்பது பக்தர்களை மட்டுமா இழுக்கும்!

இனி, விருந்தினரும் லாட்ஜும் அதிகம் மோதிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம்: நாள் கணக்கு. பெருநகர ஹோட்டல்களில் பகல் 12 மணிக்குக் காலி செய்வது வழக்கம். கோயில் ஊர் லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்குதான் பழக்கம்; காலை ஐந்துக்கு வந்தால் மறுநாள் காலை ஐந்து வரை. இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் இறங்குகிறவருக்கு இந்தக் கணக்குதான் நியாயம். பகல் 12 கணக்கில் மாட்டினால், ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போகும். செல்போனில் முன்பதிவு செய்யும்போது ஒரு கணக்கும், நேரில் கேட்டால் வேறொரு கணக்குமாக இருப்பதும் உண்டு. இந்த விஷயத்தில் பழைய லாட்ஜ்காரர்களின் வழக்கமே மேல்.

பில்லிலும் கண் வேண்டும். நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு முன்பு ஜிஎஸ்டி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அவற்றுக்கும் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். 900 ரூபாய் அறைக்கு 108 ரூபாயாக இருந்த வரி, இப்போது 45 ரூபாய். பில்லில் ஜிஎஸ்டி எண் அச்சிடாத சிறிய விடுதி, வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

பணம் தயாராக இருந்தும் அறை கிடைக்காதவர்கள் உண்டு. “தனியா வர்றவங்களுக்கு ரூம் இல்ல சார்” என்ற பதிலைத் தமிழகத்தின் பல கோயில் ஊர்களில் கேட்கலாம். உள்ளே போனவர் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ் விசாரணைக்கு யார் அலைவது என்ற பயம். தனியாக வரும் பெண்ணுக்கு இந்தக் கதவு இன்னும் சீக்கிரம் சாத்தப்படுகிறது. சட்டம் அப்படி எதுவும் சொல்லவில்லை. கோவையில் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதே குற்றமாகாது என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவருக்கே அப்படியென்றால், ஆதார் அட்டையோடு தனியாக வந்து நிற்கும் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப என்ன நியாயம் இருக்கிறது?

இந்தச் சோழநாட்டில் வழிப்போக்கரை நடத்திய விதமே வேறு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ராமேஸ்வரம் போகும் வழியில் இருந்த சத்திரங்களைப் பற்றி விவரிக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் அங்கே சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாமல் படுத்திருப்பவர்களையும் எழுப்பிக் கூப்பிடுவார்கள். நோயில் விழுந்தவருக்கு வைத்தியர் இருந்தார். பாம்புக்கடி, தேள்கடிக்கும் ஆள் இருந்தது. கர்ப்பிணிகளைப் பேணினார்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். மழையால் பயணத்தைத் தொடர முடியாதவருக்கு மழை விடும்வரை சாப்பாடு. வந்தவர் தனி ஆளா, குடும்பமா என்று யாரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

மழைச் சலுகையை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 2022 நவம்பர் 12-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் கொட்டியது 44 சென்டிமீட்டர். 122 ஆண்டுகளில் இல்லாத மழை என்றார்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவுக்கு வருகிறவர் ஒரு நாள் வாடகையைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு வருவது நல்லது. சத்திரத்து மணி இப்போது அடிப்பதில்லை.

இலவசச் சோறெல்லாம் லாட்ஜ்காரரிடம் எதிர்பார்க்க முடியாது. அவர் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும்; கடல் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு அரித்த குழாயையும் கீசரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் தனியாக வந்தவருக்கு அறை தர டீசல் செலவாகாது. திருக்கடையூரில் அறுபது, எண்பதாம் கல்யாணத்துக்கு வரும் குடும்பங்களுக்கு அறை, சாப்பாடு, மேளம் எல்லாம் ஒரே கையில் ஏற்பாடு செய்து தரும் அதே மாவட்டம் இது. 2020 டிசம்பரில் பிறந்த மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகம், தனியே வரும் பெண்களுக்கு அறை மறுக்கக் கூடாது என்று விடுதிகளுக்கு ஓர் உத்தரவு போட்டாலே போதும்.

சட்டைநாதர் கோயில் மூன்று அடுக்கு. கீழே பிரம்மபுரீஸ்வரர், நடுவில் தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர். மேலே இருப்பவருக்கு வெள்ளிக்கிழமை இரவில் நடக்கும் பூஜை விசேஷமானது; முடிந்து இறங்கும்போது நேரம் எங்கோ போயிருக்கும். அந்தப் பூஜைக்குப் போகிறவர்கள், லாட்ஜ் கேட்டை ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வாட்ச்மேனின் செல்போன் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.