இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தஞ்சைப் பகுதிக் களங்களில் நெல்லை மரக்காலால் அளந்த காலத்தில் 12 மரக்கால் ஒரு கலம். ஒரு கலத்தை 2, 3, 4, 6 பேருக்கு முழு மரக்காலாகவே பங்கிட முடியும். 10 மரக்கால் என்றிருந்தால் மூன்று பேர் வந்தாலே சிக்கல். 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை.

இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்ணை 'உயர் பகு எண்' எனலாம். 6, 12, 24, 36, 48, 60 ஆகியவை அத்தகையவை. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் இவற்றை ஆராய்ந்து, 1915-இல் இலண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதில் 67,46,32,83,88,800 வரையிலான உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். கணினி இல்லாத காலம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட அப்பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போனது. அது 2,93,31,86,25,600.

இதை நம் மாணவர்களே சரிபார்க்கலாம். 12 = 2² × 3. ஒரு காரணியை உருவாக்க, 2-இன் அடுக்காக 0, 1, 2 என மூன்றில் ஒன்றையும், 3-இன் அடுக்காக 0, 1 என இரண்டில் ஒன்றையும் தேர்ந்தெடுக்கிறோம். எனவே காரணிகள் 3 × 2 = 6. சுருங்கச் சொன்னால், ஒவ்வோர் அடுக்குடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்க வேண்டும்.

இனிப் பெரிய எண்களுக்கு வருவோம். பட்டியலில் அடுத்தடுத்து இருந்தவை முதலாவதும் மூன்றாவதும். நடுவில் உள்ளதே விடுபட்டது.

2,40,94,02,99,600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23
காரணிகள்: 5 × 5 × 3 × 2⁶ = 4800

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19
காரணிகள்: 7 × 5 × 3 × 3 × 2⁴ = 5040

3,21,25,37,32,800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23
காரணிகள்: 7 × 4 × 3 × 2⁶ = 5376

முதல் எண்ணுக்குப் பின் மூன்றாம் எண்தான் என்றால், இடையில் உள்ள எந்த எண்ணும் 4800 காரணிகளைத் தாண்டக் கூடாது. ஆனால் நடுவில் உள்ள எண்ணுக்கு 5040 காரணிகள். பட்டியலில் இடைவெளி இருப்பதைக் காட்ட இந்த ஒரு சான்றே போதும்.

அடுக்குகள் பாடம் முடிந்ததும் இதைக் குழுச் செயல்பாடாகத் தரலாம். முதலில் 24, 36, 60 ஆகியவற்றின் காரணிகளை எழுதி எண்ணச் சொல்லுங்கள். பிறகு விதியால் சரிபார்க்கட்டும். அதன் பின் மூன்று பெரிய எண்களின் பகாக் காரணி வடிவங்களைக் கொடுத்து, பட்டியலில் என்ன பிழை என்று கேளுங்கள். இராமானுஜன் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்.

அவரை எட்டாத மேதை என்று மட்டுமே அறிந்த மாணவர், அவரது கணக்கைத் தானே சரிபார்த்த மகிழ்ச்சியோடு செல்வார். ஒரு விடுபடலால் அவரது கட்டுரையின் பெருமை குறையவில்லை. தம் நோட்டில் ஒரு பிழை கண்டதும் கணக்கே வராது என்று ஒதுங்கும் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.